வெறும் டிஸ்க் நிறைந்துபோன கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. "ரீச்சர் வீட்டில் இரவு இரண்டு மணிக்கும் லைட் எரியுதே, என்ன விஷயம்?" என்று மூன்று கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அரியாலை அயலவர்களுக்கான பதிலும் இதுதான். கொம்பியூட்டர் கதை நிறைய வரும். விளங்காத இடத்தைத் தாண்டிப் போங்கள். கடைசிப் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். உங்களில் சிலரின் வீட்டு விஷயம் அதில் இருக்கிறது.

சோனகதெருவில் எனக்குத் தெரிந்த ஒரு மூத்தம்மா இருக்கிறா. வயது எண்பது தாண்டிவிட்டது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் சொன்னபோது, அவ வீட்டைப் பூட்டிவிட்டு உடுத்த உடுப்போடு இறங்கியவ. எனக்கு அப்போது ஒரு வயது, உம்மாவின் தோளில் போனேனாம். மூத்தம்மாவின் வீட்டு உறுதி அலுமாரிக்குள்ளேயே போய்விட்டது. கொழும்பில் இருந்த தம்பியிடம் ஒரு போட்டோக் கொப்பி இருந்து, அது புத்தளத்துக்கு வந்து, ஒரு மழைக்காலத்தில் குடிசைக்குள் வெள்ளம் ஏறியதில் கூழாகிவிட்டது.

உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். ஆனால் அதற்கு உறுதி இலக்கம் வேண்டும், எழுதிய நொத்தாரிசின் பெயர் வேண்டும், திகதியாவது வருடமாவது வேண்டும். மூத்தம்மாவைக் கேட்டால், "நொத்தாரிசு ஐயா வட்டக் கண்ணாடி போட்டவர், மகள்" என்கிறா. அதை வைத்து எந்தப் பதிவேட்டைப் புரட்டுவது?

ஒருநாள் அவவே சொன்னா: "கேம்புக்குப் பொடியன்மார் வந்து எழுதிக்கொண்டு போனாங்களே, அந்தக் கொப்பியப் பாத்துத்தான் எழுதினாங்க."

அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. ஊருக்குத் திரும்பலாம் என்று எல்லார் வாயிலும் அதே கதையாக இருந்த நாட்கள். புத்தளத்தில் ஒரு சங்கத்தைச் சேர்ந்த பொடியன்மார் 2003இல் முகாம் முகாமாகப் போய், யார், எந்தத் தெரு, எந்த வீட்டு இலக்கம், உறுதி இருக்கிறதா, இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு கொம்பியூட்டரில் ஏற்றினார்கள். 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. பிறகு அந்தச் சங்கமும் இல்லை, ஒபிசும் இல்லை. கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கும்போது, யாரோ ஒரு புண்ணியவான் ஹாட் டிஸ்க்கை மட்டும் கழற்றி ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்திருந்தார். விசாரித்து விசாரித்து அந்த ரின் என் கைக்கு வந்து சேர்ந்தது. பழைய நிர்வாகத்தில் இருந்த இருவரிடம் அனுமதி கேட்டுத்தான் திறந்தேன்.

40 ஜிபி டிஸ்க். இன்றைக்கு ஒரு போனுக்குக்கூட அது காணாது.

அரியாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்வேலி மாஸ்டருடையது. ஓய்வுபெற்றவர், ஒரு காலத்தில் ரவுனில் தட்டச்சும் கொம்பியூட்டரும் படிப்பித்தவர். டிஸ்க்கைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, "பிள்ளை, உதை நேரே கொம்பியூட்டரில கொழுவி அங்க இங்க தட்டாதை. முதல்ல முழுசாக் கொப்பி எடு. அது சாகப்போற ஆள். கதைக்க விடுறதெண்டால் ஒருக்காத்தான்" என்றார்.

அப்படியே செய்தோம். டிஸ்க்கின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே கோப்பாக எடுத்து வைப்பதற்குப் பெயர்தான் டிஸ்க் இமேஜ். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வாசிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், முதலில் நல்ல இடங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட இடங்களைச் சுரண்டிப் பார்க்கும். எதுவரை போனேன் என்று ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும். இரண்டு தரம் கரண்ட் போனது. இரண்டு தரமும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. மூன்றாம் நாள் காலை டிஸ்க் டக், டக் என்று சத்தம் போடத் தொடங்கியது. நிறுத்திவிட்டோம். சிறிய சில துண்டுகள் தவிர மற்றதெல்லாம் வந்திருந்தது.

இனி மெய்நிகர் கொம்பியூட்டர். கியூஎமு என்ற மென்பொருளை பிரான்ஸ்காரரான ஃபப்ரிஸ் பெலார் எழுதத் தொடங்கினார். அது நம் லப்டொப்புக்குள் இன்னொரு பழைய கொம்பியூட்டரை நடிக்கவைக்கும். அதற்கு ஹாட் டிஸ்க் வேண்டுமென்றால் ஒரு இமேஜ் கோப்பைக் காட்டினால் போதும். எடுத்த இமேஜைக் காட்டினேன். நீலத் திரை. 7பி என்று முடியும் ஓர் இலக்கம். பழைய கொம்பியூட்டரின் டிஸ்க் கட்டுப்படுத்திக்குப் பழகிய விண்டோஸ், புதிய வீட்டில் கண் திறந்ததும் தன் டிஸ்க்கையே காணவில்லை என்று சொல்லும் இலக்கம் அது. போதாததற்கு, வாசிக்க முடியாத துண்டுகளில் சில விண்டோஸ் இருந்த பகுதியிலேயே இருந்தன.

தரவுக் கோப்பை மட்டும் எடுத்துப் புதிய எஸ்கியூஎல் சேவரில் திறக்கலாமே என்று உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். 2000ஆம் பதிப்பின் தரவை 2012உம் அதற்குப் பிந்திய பதிப்புகளும் ஏற்காது. இடையில் உள்ள 2008 ஏற்கும், அதைப் பிடித்துத் திறந்தும் பார்த்தோம். அட்டவணைகள் திறந்தன. பெயர், தெரு, உறுதி இலக்கம் இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் குப்பை.

குப்பை அல்ல, பூட்டு. மென்பொருளை எழுதிய நானா இப்போது லண்டனில். வாட்ஸ்அப்பில் பிடித்துக் கேட்டால், "ஓம் தங்கச்சி, ஒரு பெயர்ப் பட்டியல் கையில இருக்கிறதே பயமான காலம் அது. யார் கையிலயும் அகப்பட்டாலும் விளங்கக்கூடாதெண்டு புரோகிராமுக்குள்ளேயே ஒரு பூட்டு வச்சனான். எப்பிடி வச்சனெண்டு இப்ப ஞாபகமில்ல" என்றார். இருபத்திரண்டு வயதுப் பொடியனாக இருந்தபோது செய்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயம் நியாயமானது.

ஆகவே வேறு வழி இல்லை. அவருடைய விசுவல் பேசிக் மென்பொருளே ஓட வேண்டும். அது ஓட எஸ்கியூஎல் சேவர் 2000 வேண்டும், அதற்குக் கீழே அது பழகிய விண்டோஸ் 2000 சேவர் வேண்டும். ஒரு வெறும் டிஸ்க் இமேஜ் உருவாக்கி, அதற்குள் 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிவந்த ஒரு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும். 2010 ஜூலையோடு அதற்கான ஆதரவே முடிந்துவிட்டது.

மாஸ்டரின் மேல் தட்டில் இருந்து ஒரு சிடி இறங்கியது. மூலச் சிடி அல்ல. யாரோ உள்ளிருந்த கோப்புகளை மட்டும் கொப்பி அடித்தது, அதனால் கொம்பியூட்டரைத் தொடக்கிவைக்காது. ஆனால் அந்தச் சிடிக்குள் பிளொப்பி டிஸ்க்குகள் செய்வதற்கான ஒரு கோப்புறை இருக்கும் என்று மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. நான்கு பிளொப்பிகள். மெய்நிகர் கொம்பியூட்டருக்கு மெய்நிகர் பிளொப்பி. "இரண்டாம் டிஸ்க்கைப் போடு" என்று திரை கேட்க, கோப்பை மாற்றிக் காட்ட, "மூன்றாம் டிஸ்க்கைப் போடு" என்று கேட்க... மாஸ்டருக்கு அன்றைக்கு இருபது வயது குறைந்துவிட்டது. சாவி இலக்கம் சிடி உறையில் பேனையால் எழுதியிருந்தது. இணையத்தில் போய் ஒப்புதல் வாங்கும் வேலை எக்ஸ்பியோடு வந்ததுதான். இதற்கு அந்த இருபத்தைந்து எழுத்தும் போதும்.

நீலத் திரையில் மஞ்சள் கோடு நகர்ந்தது. நிறுவல் முக்கால்வாசி போயிருக்கும். ஒரு சின்னப் பெட்டி எழும்பியது: டிஸ்க் நிறைந்துவிட்டது.

நான் கொடுத்தது 4 ஜிபி. இந்தச் சேவருக்கு 2 ஜிபி டிஸ்க்கில் 1 ஜிபி இடம் இருந்தால் போதும் என்று அதன் குறிப்பே சொல்கிறது. சரி, இமேஜை அழித்துவிட்டு 8 ஜிபி. மறுபடி நான்கு பிளொப்பி, மறுபடி சிடி, மறுபடி அதே பெட்டி. 20 ஜிபி. அதே பெட்டி. சிடிதான் பழுது என்று நினைத்து இன்னொரு சிடி தேடினோம். என் லப்டொப்பின் டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தேன், தாராளமாக இடம் இருந்தது. வடிவமைக்கும் முறையை மாற்றிப் பார்த்தேன். ஒரு கிழமை இப்படிப் போனது. பகலில் பள்ளிக்கூடம், கொப்பி திருத்தல், சமையல். இஷாவுக்குப் பிறகு இது. உம்மா, "அந்தப் பெட்டிக்கு என்ன நோயாம்?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பா.

பிடி கிடைத்தது ஒரு தற்செயலில். இந்த வகை இமேஜ் கோப்பு முதலில் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். 20 ஜிபி என்று சொல்லி உருவாக்கினாலும், உள்ளே எழுத எழுதத்தான் வெளியே ஊதும். பெட்டி எழும்பிய பிறகு கோப்பின் அளவைப் பார்த்தேன். கிட்டத்தட்ட முழுதாக ஊதியிருந்தது. அப்படியென்றால் பெட்டி பொய் சொல்லவில்லை, டிஸ்க் உண்மையிலேயே நிறைந்திருக்கிறது. விண்டோஸ் இவ்வளவு இடத்தை எடுக்காது. எதனால் நிறைந்தது?

அதுவரை இடம் போதவில்லை என்ற கேள்வியோடுதான் தேடிக்கொண்டிருந்தேன். கேள்வியை மாற்றித் தேடியதும் ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. கியூஎமுவின் கையேட்டிலேயே இருக்கிறது, இத்தனை நாளும் நான் வாசிக்காமல் விட்ட பக்கம். விண்டோஸ் 2000 நிறுவும்போது டிஸ்க் நிறைந்துவிட்டது என்று வரும், அது விண்டோஸ் 2000இல் உள்ள ஒரு வழு, அதற்கென்று ஒரு தெரிவு வைத்திருக்கிறோம் என்று.

காரணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. விண்டோஸ் ஒரு தகவலை டிஸ்க்குக்கு எழுதச் சொல்லும். எழுதி முடிந்ததும் டிஸ்க் "முடிந்தது" என்று ஒரு சைகை கொடுக்கும். அந்தக் காலத்து உண்மையான டிஸ்க் சுழன்று, தலை நகர்ந்து, எழுதி, பிறகுதான் சொல்லும். இங்கே டிஸ்க் என்று ஒன்று இல்லையே! சொன்ன கையோடு "முடிந்தது" என்று பதில் வந்துவிடுகிறது. இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று எதிர்பார்க்காத நிறுவல் மென்பொருள் தடுமாறி, வெறுமையான பதிவுக் குறிப்புகளை எழுதித் தள்ளத் தொடங்கிவிடுகிறது. இடம் முடியும் வரை எழுதும். எத்தனை ஜிபி கொடுத்தாலும் எழுதும். எட்டாம் வகுப்பில் நான் கணக்கைக் கரும்பலகையில் எழுதித் திரும்புவதற்குள் விடை சொல்லும் ஒரு பிள்ளை இருக்கிறான். முதல் தரம் நானும் யாரையோ பார்த்து எழுதினான் என்றுதான் அவன் கொப்பியை மூன்று தரம் புரட்டினேன்.

தீர்வு, டிஸ்க்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது. நிறுவும்போது மட்டும் அந்தத் தெரிவைப் போட வேண்டும், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். போட்டேன். கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது. சஹருக்கு எழும்புகிற நேரத்தில், அந்தப் பழைய தொடக்க இசையோடு சேவர் கண் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ். முன்சொன்ன 8 ஜிபியே தாராளமாகப் போதும்.

சின்னச் சின்ன இடைஞ்சல்களை நீட்டவில்லை. திரை 16 நிறத்தில் மட்டும் வந்தது, பழைய சிரஸ் வகைத் திரை அட்டையாக நடிக்கச் சொன்னதும் சரியானது. இணையத்தில் இணைக்கவே இல்லை. திருத்தம் போடாத அந்தக் காலத்து விண்டோஸை இன்று இணையத்தில் விடுவது, கதவில்லாத வீட்டில் நகையைப் பரப்பி வைப்பது போல. மென்பொருட்களைச் சிடி இமேஜாக்கி உள்ளே கொடுத்தோம். பழைய டிஸ்க்கின் இமேஜை இரண்டாவது டிஸ்க்காகக் கொழுவினோம், மூலத்தைத் தொடாமல் அதன் கொப்பியை. தரவுக் கோப்பு நல்லபடி இருந்தது. கூட இருக்கும் லொக் கோப்பில்தான் பழுது. கடைசியாகச் சேவரை ஒழுங்காக நிறுத்தியிருக்கிறார்கள் போல, தரவுக் கோப்பை மட்டும் கொடுத்ததும் புது லொக்கை அதுவே உருவாக்கிக்கொண்டது.

நானாவின் மென்பொருளை ஓட்டினேன். "சேவரைக் காணவில்லை."

அது ஒரு குறிப்பிட்ட பெயருள்ள சேவரைத்தான் தேடுகிறது. நிறுவும்போது கொம்பியூட்டருக்குப் பெயர் கேட்கும், நான் என்னவோ ஒன்றைக் கொடுத்திருந்தேன். நானாவுக்குக் குரல் செய்தி போட்டேன். மூன்று நாள் மௌனம். பிறகு ஒரு மதிய நேரம், பஸ் இரைச்சலுக்கு நடுவே பதில்: "தங்கச்சி, சோனகதெரு எண்டு இங்கிலீசில அடிச்சுப் பார். எல்லா எழுத்தும் சேத்து, இடைவெளி இல்லாம."

சேவர் பெயருக்குப் பதினைந்து எழுத்துக்கு மேல் இடமில்லை. சோனகதெரு அதற்குள் அடங்குகிறது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்த ஒரு கொம்பியூட்டருக்கு ஒருவர் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்.

எஸ்கியூஎல் நிறுவிய பிறகு கொம்பியூட்டரின் பெயரை மாற்றினால் அதற்குள் பழைய பெயர் தங்கிவிடும், சிக்கல். டிஸ்க் இமேஜின் பெரிய நன்மை இங்கேதான் தெரிந்தது. விண்டோஸ் நிறுவி முடிந்த அன்றே அந்தக் கோப்பை அப்படியே கொப்பி எடுத்து வைத்திருந்தேன். அதைத் திருப்பிப் போட்டு, பெயரை மாற்றி, அங்கிருந்து தொடங்கினேன். ஒரு மணித்தியால வேலை.

மென்பொருள் திறந்தது. வரிசை வரிசையாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். மறுபடி பூட்டா என்று நெஞ்சு திக்கென்றது. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாமினி, பிள்ளை. எழுத்துரு போடேல்லை."

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினி எழுத்துருவில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, தமிழ் உருவம் மேலே போர்த்தது. சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடித்தால் "உம்மா" என்று தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் உம்மாவும் இல்லை, அரைப்புள்ளிதான் மிச்சம். இதில் ஒரு வேடிக்கை, தமிழை யுனிக்கோடில் முதன்முதல் ஆதரித்த விண்டோஸ் இந்த 2000தான். லதா எழுத்துரு அதோடுதான் வந்தது. நம்மில் யாரும் அதைத் தொடவில்லை. கை பழகியது பாமினியில். இன்னும் சிலர் அதில்தான் கடிதம் அடித்து அனுப்புகிறீர்கள், பெயர் சொல்லமாட்டேன்.

மாஸ்டரின் பென் ட்ரைவில் பாமினி இருந்தது. போட்டோம். பெயர்கள் எழும்பின.

மூத்தம்மாவின் கணவர் பெயரை அடித்துத் தேடினால் இல்லை. ஒரே பெயரை ஒவ்வொரு பொடியனும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறான். தெருவையும் வீட்டு இலக்கத்தையும் கொடுத்துத் தேடினோம். வந்தது. உறுதி இலக்கம் இருந்தது. நொத்தாரிசின் பெயர் இருந்தது. திகதி இருக்கவேண்டிய இடத்தில் வருடம் மட்டும்.

மாஸ்டர் எழும்பவில்லை. "கொஞ்சம் கீழ இறக்கு பிள்ளை" என்றார். அதே தெருவில் இன்னும் சில வரிசைகள். ஒரு பெயரில் விரலை வைத்தார். "இந்தாள் தையல்காரன். நான் முதல் வேலைக்குப் போன அண்டைக்குப் போட்ட கால்சட்டை இவர் தைச்சது. கடைசிக் காசு குடுக்கேல்லை. பிறகு குடுக்கலாமெண்டு இருந்தனான்." பக்கத்தில் "இப்போது வசிப்பது" என்ற கூட்டில் ஒரு முகாமின் பெயர். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. யாரும் கதைக்கவில்லை.

இனி நான் சொன்ன கடைசிப் பகுதி.

2003இல் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் முகாம்களில் இருந்து, வீட்டு விவரம் எழுதிக் கொடுத்த குடும்பங்கள் என்னைத் தொடர்புகொள்ளலாம். இன்பொக்ஸில் மட்டும், கொமென்டில் விவரம் போடவேண்டாம். அவரவர் குடும்பத்து வரிசையை அவரவர்க்கு மட்டும்தான் கொடுப்பேன். பட்டியலின் படத்தையோ கொப்பியையோ யாருக்கும் அனுப்பமாட்டேன், கேட்டுக் கோபிக்கவேண்டாம். எல்லார் விவரமும் முழுதாக இருக்கும் என்று சொல்லமுடியாது. சிலவற்றில் உறுதி பற்றிய கூடுகள் வெறுமையாகவே இருக்கின்றன, அன்றைக்கே கையில் தாள் இல்லாதவர்கள். இந்தப் பதிவு உறுதிக்குப் பதிலாகாது, எதைத் தேடவேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

அந்தப் பொடியன்மார் முதலில் கையால் நிரப்பிய தாள் படிவங்கள் யாரிடமாவது, எந்த மூலையிலாவது இருந்தால் தயவுசெய்து எரிக்கவேண்டாம், கரையானுக்கும் விடவேண்டாம். அதில் முழுத் திகதி இருக்கக்கூடும்.

மூத்தம்மாவுக்கு இலக்கத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "நொத்தாரிசு ஐயாட பேரச் சொல்லு" என்றா. சொன்னேன். "ஓ, அவர்தான். கண்ணாடி போட்டவர்" என்றா. வருகிற திங்கட்கிழமை காலை பதிவகத்துக்குப் போகிறோம். மாஸ்டரும் வருகிறாராம்.